மூடிய பெட்டிக்கு முத்திரை எதற்கு?

கோயம்புத்தூரில் ஒரு வாதம் நொண்டினால் இந்த ஊர்க் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடுவைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்வது வழக்கம். இங்குள்ள தொழில் அமைப்பு ஒன்றின் ஆண்டு மலரில் வந்திருக்கும் கட்டுரையும் அவரைத்தான் முதல் பத்தியில் நிறுத்துகிறது. 1937லேயே சொந்தமாக மின் மோட்டார் செய்து காட்டிய ஊர், அமெரிக்காக்காரன் எழுதிய குறியாக்கத்தை வைத்து வங்கியையும் மின் மீட்டரையும் கண்காணிப்புக் கேமராவையும் பூட்டிக்கொண்டிருப்பது கேவலம் இல்லையா என்று கேட்கிறது. ஆகவே இந்தியாவுக்கென்று தேசியக் குறியாக்க அல்காரிதம் ஒன்று வேண்டும். அரசு விஞ்ஞானிகள் அதை எழுத வேண்டும். அது எப்படி இயங்குகிறது என்பது வெளியே ஒருவருக்கும் தெரியக் கூடாது. எல்லாக் கருவியிலும் அதையே ஏற்றச் சொல்லிச் சட்டம் போட வேண்டும். சாரம் இவ்வளவுதான். மிச்சப் பக்கங்கள் கைதட்டலுக்காக எழுதப்பட்டவை.

எழுதியவர் வயதில் பெரியவர், பெயர் வேண்டாம். இந்த வாதம் அவர் ஒருவருடையதும் அல்ல. எங்கள் தொழிற்பேட்டை டீக்கடையில் வாரம் ஒருமுறையாவது இதைக் கேட்கிறேன். டீக்கடையில் கேட்டுவிட்டுச் சிரித்துவிடலாம். அச்சில் ஏறி, தீர்மானமாகி, டெல்லிக்கு மனுவாகப் போகப்போகிறது என்றால் சிரிப்பதற்கில்லை.

முதலில் நாயுடுவிடமிருந்தே தொடங்குவோம். அவர் இயந்திரம் படித்தது எப்படி என்று இந்த ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டாலே சொல்லும். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, உழைத்துக் காசு சேர்த்து அப்படி ஒன்றை வாங்கி, ஓட்டுவதற்கு முன் அக்கக்காகக் கழற்றிப் போட்டார். கழற்ற முடிகிற வண்டியாக இருந்ததால் நமக்கு ஒரு நாயுடு கிடைத்தார். கட்டுரையாளர் கேட்பதோ கழற்றவே கூடாத பெட்டி. அதற்கு நாயுடுவின் பெயரைச் சூட்டுவதைவிட அவருக்குப் பெரிய அவமரியாதை இருக்க முடியாது.

அடுத்து, 'அமெரிக்க அல்காரிதம்'. இந்தச் சொல்லைக் கட்டுரை திரும்பத் திரும்ப உச்சரிக்கிறது. எதைச் சொல்கிறார்? ஏ.இ.எஸ். என்ற குறியாக்கத்தை. இன்று வாட்ஸப் செய்தி முதல் ஆதார் கைரேகைச் சரிபார்ப்பு வரை அதுதான் ஓடுகிறது. அமெரிக்கத் தர அமைப்பான நிஸ்ட் 1997இல் உலகத்துக்கே போட்டி அறிவித்தது. 15 அல்காரிதங்கள் முதல் சுற்றில் ஏறின. எல்லாவற்றின் உள்விவரமும் பகிரங்கமாக வைக்கப்பட்டது. ஒருவர் எழுதியதை மற்றவர் கிழிக்கலாம் என்பதுதான் ஆட்டத்தின் விதி. ஐ.பி.எம். நிறுவனம் அனுப்பியது தோற்றது. ஆர்.எஸ்.ஏ. நிறுவனம் அனுப்பியதும் தோற்றது. 2000 அக்டோபரில் ஜெயித்தவர்கள் யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இரண்டு பெல்ஜியக்காரர்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் அது அமெரிக்க அரசின் தரமானது. அமெரிக்கா தன் ரகசியங்களைப் பூட்ட வெளியூர்ப் பூட்டைத் தேர்ந்தெடுத்தது. நாம் அதை அமெரிக்கப் பூட்டு என்று வசைபாடுகிறோம். மலர் ஆசிரியராவது ஒருமுறை விசாரித்திருக்கலாம்.

அப்படியானால் அமெரிக்காவை நம்பலாமா? கட்டுரையாளர் தடுமாறாமல் நிற்கும் ஒரே இடம் இது, அதை மறைக்க நான் தயாரில்லை. நிஸ்ட் 2006இல் தரமாக்கிய டூயல் இ.சி. என்ற தற்செயல் எண் உற்பத்தி முறையில் அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. கொல்லைப்புறக் கதவு வைத்திருந்தது என்பதில் இன்று ஆய்வாளர்களில் பெரும்பாலானோருக்குச் சந்தேகமில்லை. என்.எஸ்.ஏ.வின் ரகசியங்களை அம்பலப்படுத்திய ஸ்னோடனின் ஆவணங்கள் 2013இல் வந்தபின் நிஸ்ட்டே தலைகுனிந்து 2014இல் அதை விலக்கிக்கொண்டது. இதைக் கட்டுரை விலாவாரியாகச் சொல்கிறது. சொல்லாமல் விட்டது என்ன? ஸ்னோடனுக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 2007இல், ஷுமோவ், ஃபெர்குசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு மாநாட்டில் எழுந்து நின்று, இதில் கதவு இருக்கலாம், சாவி வைத்திருப்பவன் எல்லாவற்றையும் படிக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். அவர்களால் அது எப்படி முடிந்தது? அச்சிட்டு வெளியிட்ட தரம் என்பதால். உள்விவரம் பூட்டி வைக்கப்பட்டிருந்தால் அந்தக் கதவு இன்றும் திறந்தே கிடந்திருக்கும். தன் வாதத்துக்கு ஆதாரமாக அவர் கொண்டுவந்த சாட்சி, குறுக்கு விசாரணையில் எதிர்த் தரப்புக்குப் பேசிவிட்டது.

மூடிய பெட்டியை நம்பினால் என்னாகும் என்பதற்கு நம் நாட்டுக்கே அனுபவம் உண்டு. சுவிட்சர்லாந்தின் கிரிப்டோ ஏ.ஜி. நிறுவனம் பல பத்தாண்டுகளாக உலகம் முழுக்கக் குறியாக்க இயந்திரம் விற்றது. நடுநிலை நாடு, நேர்த்தியான வேலை, உள்ளே என்ன ஓடுகிறது என்பது கம்பெனி ரகசியம். நூற்றிருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் வாங்கின. அந்தப் பட்டியலில் இந்தியா இருக்கிறது, பாகிஸ்தானும் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் வெளிவந்த செய்தி: 1970 முதல் அந்தக் கம்பெனியின் மறைமுக முதலாளிகள் அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வும் ஜெர்மனியின் உளவுத் துறையும். பூட்டை விற்றவனே மாற்றுச் சாவி வைத்திருந்தான். வாங்கியவனுக்குப் பிரித்துப் பார்க்க உரிமையில்லை. கட்டுரையாளர் சொல்வார்: அதனால்தானே ஐயா சொந்தமாகச் செய்யச் சொல்கிறேன்? சரி. சொந்த ஊர்க்காரன் செய்த மூடிய பெட்டியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. தப்பு செய்தவனாக இருந்தாலே போதும்.

அந்தத் தப்பைச் செய்தவன் நான்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், கிணற்று மோட்டாரையும் தொலைவில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் ரேடியோ அலையில் இணைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றை எங்கள் பட்டறையில் செய்தோம். தொட்டி நிறைந்தால் மோட்டார் நிற்கும், வற்றினால் ஓடும். பக்கத்துத் தோட்டத்துப் பெட்டி நம் மோட்டாரை ஓட்டிவிடக் கூடாதே என்று கட்டளையை ரகசியமாக்க ஓர் அல்காரிதத்தை நானே எழுதினேன். இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதியது, யாரிடமும் காட்டவில்லை, மனசுக்குள் கொஞ்சம் ராமானுஜன் நினைப்புகூட வந்தது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் மாட்டினோம். தோட்டக்காரரின் மகன் இங்கே ஒரு கல்லூரியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். மடிக்கணினியில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ரேடியோ ஒன்றைச் செருகி, எங்கள் பெட்டி 'ஓடு' என்று சொன்ன அலையை அப்படியே பதிவு செய்து, ராத்திரி திரும்ப ஒலிபரப்பினான். மோட்டார் ஓடியது. என் அல்காரிதம் என்னவென்று அவனுக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. உடைக்கவே தேவைப்படவில்லை; நேற்றைய கட்டளையை இன்று ஏற்கக் கூடாது என்ற சின்ன விஷயத்தை நான் யோசிக்கவில்லை. "ஏனுங்கண்ணா, இதுக்கு ரெண்டு வாரமாச்சுங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். அந்த மரியாதை இன்னும் சுடுகிறது.

நான் சின்னப் பட்டறைக்காரன், டெல்லி விஞ்ஞானிகள் அப்படியல்ல என்று பதில் வரும். பெரிய இடத்துக் கதைகளையே பார்ப்போம். ஐரோப்பாவில் போலீஸ் வயர்லெஸ்ஸுக்காக 1990களில் டெட்ரா என்ற தரம் எழுதப்பட்டது. குறியாக்கம் பரம ரகசியம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் கண்ணில் காட்டுவார்கள். 2023இல் ஒரு டச்சுக் குழு கருவியைப் பிரித்து அதைத் தோண்டி எடுத்தது. அதில் டி.இ.ஏ.1 என்ற வகையில் 80 பிட் சாவி என்று சொல்லிவிட்டு, உள்ளுக்குள் 32 பிட்டாகச் சுருக்கி வைத்திருந்தார்கள். சாதாரணக் கணினி ஒரு நிமிடத்தில் முட்டித் திறக்கிற அளவு. கால் நூற்றாண்டுக்கும் மேலாக வாங்கியவர்கள் 80 என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். கதவு அட்டைகளிலும் பஸ் அட்டைகளிலும் உலகெங்கும் ஓடிய மைஃபேர் கிளாசிக் சிப்பின் கதை இன்னும் சுவை. அதன் ரகசிய அல்காரிதத்தைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்கள் சிப்பையே படலம் படலமாகச் சீவி நுண்ணோக்கியில் படமெடுத்தார்கள். 2008க்குள் கதை முடிந்தது.

இங்கேதான் கட்டுரையின் அடிப்படையே தன்னைத் தானே தின்கிறது. அல்காரிதம் ரகசியமாக இருக்க வேண்டுமாம். எல்லாக் கருவியிலும் இருக்கவும் வேண்டுமாம். கோடிக்கணக்கான மீட்டரில், கேமராவில், மோட்டார் ஸ்டார்ட்டரில் ஏற்றி, ஊருக்கு ஊர் விற்று, உக்கடத்துப் பழைய சாமான் கடையில் எடைக்குப் போடப்போகும் ஒன்றை எப்படி ஐயா ரகசியமாக வைத்திருப்பீர்கள்? ஊர் முழுக்கக் கடைவிரித்த பூட்டின் அமைப்பு எதிரிக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பூட்டுச் செய்ய வேண்டும். மறைக்க வேண்டியது சாவியை மட்டும். 1883இல் ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் ராணுவத் தந்திக்குச் சொன்னது இதுதான். ஏ.இ.எஸ்.இன் முழு அமைப்பும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 128 பிட் சாவியை ஊகிக்க முயல்பவன் 39 இலக்க எண்ணிக்கையிலான சாவிகளை முட்டிப் பார்க்க வேண்டும். 2017இல் உலகத்தை முடக்கிய வான்னாக்ரை கணினிக் கொள்ளைக்காரர்கள் பிறர் கோப்புகளைப் பூட்டியது எதை வைத்து? ஏ.இ.எஸ்., ஆர்.எஸ்.ஏ. என்ற இரண்டு அல்காரிதங்களை. எல்லா உளவு அமைப்பும் துரத்துகிற திருடன், தன் பிழைப்புக்கு நம்பியது இந்தத் திறந்த பூட்டைத்தான்.

சீனா, ரஷ்யா, கொரியா எல்லாம் சொந்த அல்காரிதம் வைத்திருக்கின்றனவே என்பது அவருடைய அடுத்த அஸ்திரம். வைத்திருக்கின்றன. ரகசியமாக வைத்திருக்கின்றனவா? சீனா எஸ்.எம்.4ஐ 2006லேயே வெளியிட்டது, சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் தரத்தில் ஏற்றுவதற்கு மெனக்கெட்டது. ரஷ்யாவும் குஸ்னெச்சிக், ஸ்ட்ரீபாக் இரண்டையும் வெளியிட்டது. வெளியிட்டதால்தான் மாட்டிக்கொண்டது: இரண்டிலும் உள்ள முக்கிய அட்டவணை தற்செயலாக அமைந்தது என்று எழுதியவர்கள் சொல்ல, லியோ பெரான் முதலிய ஆய்வாளர்கள் அதற்குள் ஒளிந்திருக்கும் ஒழுங்கைத் தோண்டி எடுத்தார்கள். அது கதவுதானா என்பது நிரூபணமாகவில்லை. ஆனால் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. இதே கண்டிப்பு அமெரிக்காவுக்கும் உண்டு. என்.எஸ்.ஏ. எழுதிய சைமன், ஸ்பெக் இரண்டையும் 2018இல் ஐ.எஸ்.ஓ. குழு ஏற்க மறுத்தது, விளக்கம் போதவில்லை என்று. அமெரிக்காவை எதிர்க்கும் ஆயுதம் வேண்டுமென்றால் அது இந்தக் கேள்வி கேட்கும் கூட்டம்தான். அந்தக் கூட்டத்தில் போய் உட்காரப் பிள்ளைகளை அனுப்புங்கள்.

கொரியக் கதையைத் திருப்பூர்க்காரர்கள் தனியாகக் கேட்க வேண்டும். அமெரிக்கா வலுவான குறியாக்கத்தை ஏற்றுமதி செய்ய மறுத்த காலத்தில், 1998இல், கொரியா சீட் என்ற சொந்த அல்காரிதத்தை எழுதியது. அல்காரிதத்தில் குறையில்லை, அதையும் வெளியிட்டார்கள். ஆனால் இணையத்தில் பணம் கட்ட அதுதான் என்று விதி வந்தது; அன்று உலகத்தின் எந்த உலாவியிலும் அது இல்லை. ஆகவே ஆக்டிவ்-எக்ஸ் என்ற ஒட்டு மென்பொருளை ஒவ்வொரு கணினியிலும் ஏற்றினார்கள். அது மைக்ரோசாஃப்டின் உலாவியில் மட்டும்தான் ஓடும். அமெரிக்காவிடமிருந்து விடுதலை தேடிப் போனவர்கள் ஒரே ஓர் அமெரிக்கக் கம்பெனியின் காலடியில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கிடந்தார்கள். 2014இல் தொலைக்காட்சித் தொடரின் நாயகி போட்டுவந்த கோட்டுக்குச் சீனாவில் மவுசு கூடியது. வாங்க வந்தவர்களால் கொரியக் கடைகளில் பணம் கட்ட முடியவில்லை. அதிபர் பார்க் கியூன்-ஹேவே மேடையில் அதைச் சொல்லிப் புலம்பினார். இந்த ஏற்பாட்டோடு ஒட்டிவந்த கட்டாய மின்சான்றிதழ் முறையை முழுக்க ஒழிக்க 2020 டிசம்பர் ஆனது. துணி விற்கிற ஊர் பக்கத்தில் இருக்கும்போது, ஜெர்மனிக்காரன் உலாவியில் திறக்காத தேசிய அல்காரிதத்தைச் சட்டமாக்கச் சொல்பவர், முதலில் திருப்பூரில் ஒரு ஏற்றுமதியாளரிடம் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம்.

நம் அரசு கட்டளை போட்டுக் குறியாக்கத்தை நடத்திய வரலாறும் கைவசம் இருக்கிறது, கட்டுரையாளர் அதைத் தொடவில்லை. இணைய சேவை உரிமத்தில் தொலைத்தொடர்புத் துறை போட்ட பழைய விதி, அனுமதி வாங்காமல் பயன்படுத்த 40 பிட் ஆர்.எஸ்.ஏ. அல்லது அதற்கு இணையானதுதான் உச்ச வரம்பு என்றது. 40 பிட் ஆர்.எஸ்.ஏ. என்பது குண்டூசியால் திறக்கும் பூட்டு. 2001இல் ரிசர்வ் வங்கி, இணைய வங்கிக்குக் குறைந்தது 128 பிட் வேண்டும் என்றது. ஒரு துறையின் உச்ச வரம்பைவிட இன்னொரு துறையின் குறைந்த வரம்பு மும்மடங்கு. சட்டப்படி நடந்தால் பணம் போகும், பணத்தைக் காத்தால் விதி மீறல். பிறகு 2015 செப்டம்பரில் தேசியக் குறியாக்கக் கொள்கை வரைவு வந்தது. எந்த அல்காரிதம் என்று அரசே சொல்லும் என்றது. சொன்ன பட்டியலில் ஆர்.சி.4 இருந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், இணையத் தொடர்புகளில் ஆர்.சி.4ஐப் பயன்படுத்தவே கூடாது என்று இணையப் பொறியாளர் அமைப்பு தடை போட்டிருந்தது. கூடவே, அனுப்பிய செய்தியின் வெளிப்படையான பிரதியை 90 நாள் வைத்திருந்து கேட்டால் கொடுக்க வேண்டும் என்ற ஷரத்து வேறு. வந்த சூட்டிலேயே வாபஸ் வாங்கினார்கள். பகிரங்கமாக வைத்ததால் ஒரே நாளில் ஊர் சிரித்துத் திருத்தியது. அதே பட்டியல் உறைக்குள் முத்திரையிட்டு வந்திருந்தால்?

ரகசியத்தின் விலை எங்கே விழும் என்பதை இந்தப் பக்கத்து ஆளுக்குப் போர்வெல் சொல்லிப் புரியவைக்கலாம். ஆயிரம் அடியில் மோட்டாரை இறக்கிவிட்டு அது மக்கர் செய்தால், மேலே தூக்குகிற கூலிக்கும் வண்டிக்கும் ஆகிற செலவு மோட்டார் விலையை எட்டிப் பிடிக்கும். சிப்பில் ஏற்றிய அல்காரிதமும் இறக்கிவிட்ட மோட்டார்தான். மின் மீட்டர் பத்து ஆண்டுக்குச் சுவரில் இருக்கும். சைக் என்ற அல்காரிதம், குவாண்டம் கணினி வந்தாலும் தாங்கும் என்ற பெயரோடு, 2017 முதல் நிஸ்ட் போட்டியில் சுற்றுச் சுற்றாக ஜெயித்து வந்தது. உலகத்தின் பெரிய மண்டைகள் ஐந்து ஆண்டு தட்டிப் பார்த்தன. 2022இல் பெல்ஜியத்தில் காஸ்ட்ரிக், டெக்ரு இருவரும் அதன் ஒரு வடிவத்தைச் சாதாரணக் கணினியின் ஒரே ஒரு கோரில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். அத்தனை பேர் பார்த்தும் தப்பியது, பத்துப் பேர் பார்த்து முத்திரை குத்தியதில் தப்பாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? சைக் எங்கும் இறக்கப்படுவதற்கு முன்னால் மேட்டிலேயே புட்டுக்கொண்டது. அதுதான் சோதனையின் லாபம்.

இந்தியத் தரமே இல்லை என்று கட்டுரை ஒப்பாரி வைப்பதும் சரியல்ல. மீட்டர் பேசும் முறைக்கு ஐ.எஸ். 15959 இருக்கிறது, உள்ளே ஓடுவது ஏ.இ.எஸ்.-128. தரம் நம்முடையது, அல்காரிதம் உலகத்துடையது. சப்மெர்சிபிள் பம்புக்கு ஐ.எஸ். 8034 இருப்பதைப் போலத்தான். கோவையில் சிட்டார்க் ஆய்வகம் பம்பைப் பெஞ்சில் ஏற்றி, எத்தனை அடி தூக்குகிறது, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அளக்கிறது. உள்ளே என்னவென்று கேட்காதே, தேசபக்தியோடு முத்திரை குத்து என்று அங்கே போய் ஒரு பம்புக்காரர் சொல்லிப் பார்க்கட்டும். கேமராக்களுக்கு 2025 ஏப்ரல் முதல் மத்திய அரசு செய்திருப்பது இந்தப் பெஞ்சு வேலைதான்: கருவியையும் மென்பொருளையும் மூல நிரலையும் கொண்டுவந்து ஆய்வகத்தில் காட்டு, பிறகு விற்பனை செய். ஆய்வகங்கள் போதாது, தாமதமாகிறது என்று விற்பனையாளர்கள் முனகுகிறார்கள். ஆய்வகத்தைக் கூட்டச் சொல்லி மனு எழுதலாம், நானே கையெழுத்துப் போடுகிறேன்.

நம்மவர்களுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்வதாகவும் யாரும் திரிக்க வேண்டாம். ஒரு எண் பகா எண்ணா என்று விரைவாகச் சொல்லும் முறையை 2002இல் உலகத்துக்குக் கொடுத்தது கான்பூர் ஐ.ஐ.டி. சின்னக் கருவிகளுக்கான நிஸ்ட் போட்டியில் கடைசிப் பத்தில் வந்த கிஃப்ட்-சி.ஓ.எஃப்.பி. அல்காரிதத்தை எழுதிய குழுவில் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் மிருதுல் நந்தி இருந்தார். சென்னையில் இதற்கென்றே செட்ஸ் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. எட்டிமடையில் அம்ரிதா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக இதே பாடம் நடக்கிறது. இவர்கள் எல்லோரும் பெயர் வாங்கியது திறந்த மைதானத்தில். கொரியாவும் புதிய அல்காரிதம் தேடும்போது 2022இல் பகிரங்கப் போட்டிதான் வைத்தது, பட்ட பாடு மறக்கவில்லை. இந்தியாவும் அப்படி ஒரு போட்டி வைக்கட்டும், பரிசுத் தொகை கொடுக்கட்டும். அதற்குத் தேசிய அல்காரிதம் என்று பெயர் வைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அதுவரைக்கும் ஒரு சின்ன வேலை இருக்கிறது. கம்பெனிப் பதிவுக்கும் சுங்கத் துறைக்கும் கையெழுத்துப் போட நம்மிடம் யூ.எஸ்.பி. டோக்கன் இருக்கிறதே, அது எங்கே இருக்கிறது? பெரும்பாலும் ஆடிட்டர் அலுவலகத்து டிராயரில், பத்து முதலாளிகளின் டோக்கன் ஒரே ரப்பர் பேண்டுக்குள், ஒவ்வொன்றின் முதுகிலும் பின் நம்பர் எழுதிய ஸ்டிக்கரோடு. உள்ளே 2048 பிட் ஆர்.எஸ்.ஏ.; அந்தச் சாவி டோக்கனை விட்டு வெளியே வராதபடி சிப்பைக் கட்டியிருக்கிறார்கள். நாம் டோக்கனையே தூக்கிக் கொடுத்துவிட்டோம். கட்டுரையாளரின் தேசிய அல்காரிதம் நாளையே வந்தாலும் அந்த ஸ்டிக்கரில்தான் ஒட்டியிருக்கும். போன வாரம் என்னுடையதைப் போய் வாங்கிவந்தேன்; ஆடிட்டருக்குக் கொஞ்சம் வருத்தம்.

அடுத்த மலரில் கட்டுரையாளர் பதில் எழுதப்போவதாகக் கேள்வி. எழுதட்டும். முடிந்தால் அவர் மனதில் வைத்திருக்கும் அந்த அல்காரிதத்தையும் நாலு பக்கம் அச்சிடட்டும். பொள்ளாச்சிப் பையன் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான். தீபாவளிக்கு ஊருக்கு வருவான்.